யாரும் தொடாத வண்டி

மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி மறுபடியும் நின்றது.

பெட்ரோல் வண்டியாக இருந்தால் நிற்பதற்கு முன் நாலு இருமல் இருமும். பேட்டரி வண்டிக்கு அந்த மரியாதை கிடையாது. தாரிக் ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகிப் பார்த்தான். டிஸ்பிளேயில் வெளிச்சம் இருந்தது. சார்ஜ் முக்கால் பங்கு இருந்தது. மோட்டார் மட்டும் அசையவில்லை. வண்டி பின்னால் உருளத் தொடங்கியதும் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டான். கொஞ்ச நேரம் விட்டுத் திருகினால் ஓடும். அடுத்த குழியில் குலுங்கினால் நிற்கும். ஆலங்காயத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதிலிருந்து இதே கதை.

வண்டி அவன் மனைவி அஃப்ராவுடையது. மலை மேல் சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனை வேலை பார்த்தாள். பஸ்ஸுக்குக் காத்து நிற்பது பிடிக்காமல் தன் சம்பளத்தில் வாங்கினாள். போன மழைக்காலத்தில் டெங்கு வந்தது. ஊரார் ரத்தத்தில் அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள், தனக்கு வந்ததை வெறும் காய்ச்சல் என்றாள். அவ்வளவுதான், அதிலேயே போய்விட்டாள்.

அவளுடைய உடுப்புகளை அண்ணி லத்தீஃபா கேட்டவர்களுக்குக் கொடுத்தாள். அது முறை. வாணியம்பாடியில் ஒரு தோல் கம்பெனி ஆபீஸில் அவனுக்கு வேலை. அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டான். வண்டியை ஆலங்காயத்தில் அண்ணன் ஆகிப் வீட்டில் விடும்போது மட்டும் ஒன்று கேட்டான். இதை யாரும் ஓட்டக் கூடாது. ஆகிப் அவன் தோளில் கை போட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைக்கிறேன், காக்காய்கூட உட்காராது என்றான்.

ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இவனால் சொல்லியிருக்க முடியாது. இடது பக்கக் கண்ணாடிதான் காரணம். அஃப்ரா அதை ரோட்டைப் பார்த்து வைத்ததே இல்லை. பின் சீட்டில் தாரிக் உட்கார்ந்தால் அவன் முகம் தெரிகிற மாதிரி உள்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். பின்னால் லாரி வந்தால் எப்படித் தெரியும் என்று அவன் திட்டுவான். லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், நீ ஊமை, உன்னைப் பார்த்தால்தான் தெரியும் என்பாள். அவன் பார்த்தால் அதில் அவள் கண்கள் இருக்கும். அவள் வைத்த கோணம் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தான். அவள் கை கடைசியாக வைத்தபடியே மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

இப்போது மலை மேல் சாமை அரைக்கும் கூட்டுறவு நிலையத்தில் வேலை கிடைத்திருந்தது. தங்குவதற்குக் கோவிந்தன் என்கிற விவசாயியின் வீட்டில் ஒரு அறை. இன்று காலை வண்டியை எடுத்தபோது கண்ணாடி ரோட்டைக் காட்டியது. தார்ப்பாயை இழுத்ததில் திரும்பியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான்.

வளைவின் ஓரம் புளியமரத்தடியில் ஸ்டாண்டு போட்டுவிட்டு அண்ணனுக்குப் போன் செய்தான். யாராவது ஓட்டினார்களா என்று கேட்டான். ஆகிப் சிரித்தான். யார் தொடுவார்கள், மாதக்கணக்கில் சும்மா நின்றால் எந்த மோட்டாரும் கெட்டுத்தான் போகும், பேசாமல் திருப்பத்தூரில் யாருக்காவது தள்ளிவிட்டு வேறு வாங்கு என்றான். தாரிக் போனை வைத்தான்.

அவன் இயற்பியல் படித்தவன். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்தான். பேட்டரி தளர்ந்திருந்தால் ஏற்றத்தில் சார்ஜ் அளவு சரியும். சரியவில்லை. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தான். சூடில்லை. சீட்டைத் தூக்கி, கன்ட்ரோலருக்குப் போகும் ஒயர்களைப் பிடுங்கி, ஊதி, மறுபடி செருகினான். துரு இல்லை, எரிந்த வாசனை இல்லை. பின் சக்கரத்து ஒயரையும் இழுத்துப் பார்த்தாகிவிட்டது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. மோட்டார்தான் ஓடவில்லை.

மேலிருந்து ஒரு மொபெட் இறங்கி வந்தது. இரண்டு பக்கமும் புளி மூட்டை. கோவிந்தன்தான்.

"இன்னா பாய், மல ஏற மாட்டேங்குதா? நம்ம மாடு தேவல போலக்குதே."

மொபெட்டை ஓரம் கட்டிவிட்டு, அடுத்த வளைவு வரை தள்ளிக் கொடுக்கிறேன் என்று பின்னால் வந்தார். தாரிக் சீட்டில் உட்கார்ந்து ஹேண்டிலைப் பிடித்தான். பத்தடி போனதும் கோவிந்தன் நின்றுவிட்டார்.

"பிரேக்க புடிச்சிகினே தள்ளச் சொன்னா எப்டி பாய்? செகப்பு லைட்டு எரியுது பாருங்க."

தாரிக் பிரேக்கைத் தொடவே இல்லை. இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தான். பிரேக் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரிய வழியில்லை. பிரேக்கைப் பிடித்ததும் மோட்டாருக்குக் கரண்டு நிற்கும்படி இந்த வண்டிகளைச் செய்திருக்கிறார்கள். லீவருக்குள் ஒரு சின்னக் காந்தம் நகர்வதை வைத்து வண்டி அதைத் தெரிந்துகொள்கிறது. யாரோ பிரேக்கைப் பிடித்திருப்பதாக வண்டி நம்பிக்கொண்டிருந்தது.

வலது லீவரை ஆட்டினான். விளக்கு எரிந்தபடியே இருந்தது. இடது லீவரின் ரப்பர் உறையை நகத்தால் உரித்தான். உள்ளே, குலுங்கலில் இடுக்கு வழியாக நழுவிப் போய், ஸ்குரூ தலையின் மேல் ஒரு பச்சைப் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் அளவு. பிடுங்கினான். பிசின் போல் இழுத்துக்கொண்டு வந்தது. விளக்கு அணைந்தது.

மேக்னட் பின், காந்தம் வைத்தது. பெண்கள் தலையில் போடும் ஸ்கார்ஃபைப் பிடித்து நிறுத்துவது. துணியில் ஓட்டை விழாதென்று இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள். அஃப்ரா வாங்கியதில்லை. அவளுக்குக் குண்டூசிதான். நாலு ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே அவனோடு சண்டை போடுவாள்.

உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கோவிந்தன் எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பாப்பாவுதா? ஹெல்மெட் மாட்டும்போது தலயில இருந்து இன்னாத்தியோ கழட்டி அங்க வெச்சுது."

"எந்தப் பாப்பா?"

"உங்களுக்குப் பேசி முடிச்ச பொண்ணுதான். இதே வண்டியில உங்க அண்ணன் கூட்டினு வந்தாரே, ரூம் பாக்க. அடுப்பு எந்தப் பக்கம் வெக்கலாம்னு எங்க வூட்டுக்காரி மாதம்மா கிட்ட கேட்டுதே. மாதம்மா புதுசா மேடையே போட்டுட்டா." கோவிந்தன் அவன் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "எறங்கும்போது வண்டி நின்னு நின்னு போச்சுன்னு அண்ணன் திட்டினே போனாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சிகினேன் பாய்."

ஆகிப்புக்கு வண்டி நின்றதும் தெரியும், அதை யார் எதற்காக ஓட்டினார்கள் என்பதும் தெரியும். சற்று முன்பு சிரித்த சிரிப்பு தாரிக்கின் காதில் இன்னும் இருந்தது.

மறுபடி போன் செய்தான்.

"பச்சக் கல்லு வெச்ச பின் ஒண்ணு கெடச்சிருக்குது," என்றான்.

ஆகிப் சொல்லத் தொடங்கினான். பெண் லத்தீஃபாவின் சித்தி மகள், தூபா, தங்கமான பெண், எத்தனை காலம் இப்படிக் கல்லு மாதிரி திரிவாய், கேட்டால் வேண்டாம் என்பாய், அதனால் கேட்கவில்லை. குரலில் வருத்தமே இல்லை. நல்லது செய்தவனின் சலிப்புதான் இருந்தது.

"வண்டிய ஏண்ணே குடுத்த?"

"பொண்ணு வூட்ல தயங்குனாங்கடா. நீ செத்தவள மறக்கலன்னு யாரோ சொல்லிட்டாங்க. அதான், அவனே அவ வண்டிய இந்தப் பொண்ணுக்குக் குடுத்து அனுப்பிச்சிருக்கான்னு சொன்னேன். ஒடனே ஒத்துக்கிட்டாங்க."

"என் பேரச் சொல்லி."

"தம்பிக்காகத்தானடா சொன்னேன்."

பின்னால் பெண்களின் பேச்சு கேட்டது. தூபா இங்கேதான் இருக்கிறாள், நீயே ஒரு வார்த்தை பேசு, எல்லாம் சரியாகிவிடும் என்று ஆகிப் போனைக் கை மாற்றினான். தாரிக் வேண்டாம் என்பதற்குள் சலாம் சொல்லும் சின்னக் குரல் ஒன்று வந்தது. பதில் சலாம் சொன்னான்.

"பின் கெடச்சுதாங்க? ஹெல்மெட்ல குத்துச்சு, அங்க ஒட்ட வெச்சிட்டு மறந்துட்டேன். வண்டிய பத்திரமாத்தான் ஓட்டுனேன். கண்ணாடி மட்டும் கோணலா உள்பக்கம் திரும்பி இருந்துச்சு. நான்தான் சரியா வெச்சேன்."

தாரிக் புளியமரத்தைப் பார்த்தான். கீழே உதிர்ந்த பழங்களைப் பார்த்தான்.

"வண்டிய நான் அனுப்பல," என்றான். "எனக்கு எதுவும் தெரியாது. இன்னிக்குதான் தெரியும்."

அவள் அழவில்லை. யாரிடமாவது போனைக் கொடுத்துவிடுவாள் என்று நினைத்தான். கொடுக்கவில்லை.

"வண்டிய வெச்சித்தாங்க நான் சரின்னே சொன்னேன்," என்றாள். "சம்சாரத்து வண்டிய இன்னொருத்திக்குக் குடுக்கறதுன்னா எவ்ளோ மனசு வேணும்னு நெனச்சேன்." பிறகு, "பின் வேணாம். அங்கியே போட்டுடுங்க," என்றாள். போன் அணைந்தது.

கோவிந்தன் மொபெட்டின் கயிற்றை இறுக்குவதுபோல் எதையோ செய்துகொண்டிருந்தார். தாரிக் அவரிடம் போய்ப் பின்னைக் கொடுத்தான்.

"கீழ போறப்ப அண்ணன் வூட்ல இத குடுத்துடுங்க. அந்தப் பொண்ணு பொருளு. அதும் கையிலியே குடுங்க."

"இன்னா சொல்லிக் குடுக்கறது பாய்?"

"அதுக்கு ஒண்ணும் சொல்ல வேணாம். எங்கண்ணன் கிட்ட மட்டும் மோட்டார் நல்லா இருக்குதுன்னு சொல்லுங்க."

கோவிந்தன் அதை ஹேண்டில் கம்பியில் வைக்கப் போனார். பட்டென்று ஒட்டிக்கொண்டது. வேண்டாம் என்று பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அடுப்பு மேடையை மாதம்மாளிடம் சொல்லி இடிக்கச் சொல்லவா என்று கேட்டார். நான்தானே சமைத்துச் சாப்பிட வேண்டும், இருக்கட்டும் என்றான்.

மொபெட் இறங்கிப் போன சத்தம் அடங்கியது. தாரிக் சீட்டில் உட்கார்ந்து இடது கண்ணாடியை உள்பக்கம் திருப்பினான். அவன் தோள் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினான். வானம். இறக்கினான். காலிப் பின் சீட்டின் ஓரம். இதில் எந்த இடத்தில் அவள் நிறுத்தியிருந்தாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் எப்போதும் பின்னால் இருந்துதான் பார்த்திருக்கிறான்.

கையை எடுத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் திருகினான். வண்டி கிளம்பியது. அடுத்த வளைவிலும், குழி விழுந்த அதற்கடுத்த வளைவிலும் மோட்டார் நிற்கவில்லை. மேலே போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.