பத்மினி கோர்ட்டுக்குப் போகிறது

நாற்பத்திரண்டு வயதில் ஹஃபீஸாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் தபாலில் வந்தது. கவரைப் பிரித்து அட்டையைப் பார்த்தாள். படத்தில் கண் பாதி மூடியிருந்தது. மூடியிருந்தால் என்ன, லைசென்ஸ் லைசென்ஸ்தானே. சாயங்காலம் கணவன் நவாஸ் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டாள்.

“மச்சான், திங்கக்கிழமையிலேருந்து நான் கார்லதான் ஆபீசுக்குப் போகப் போறேன்.”

“எந்தக் கார்ல?”

“நம்மகிட்ட எத்தனை கார் நிக்குது?”

ஒரு செருப்பு காலில் கிடக்க, நவாஸ் அப்படியே நின்றுவிட்டான்.

அவர்களிடம் இருந்தது ஒரே கார்தான். எண்பத்தேழாம் வருஷத்து பிரீமியர் பத்மினி. பாதாம்பால் நிறம். அவர்கள் ஊரான ராஜபாளையத்திலேயே ஒரு மில் மேனேஜர் புதிதாக வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டிய வண்டி. அவர் பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிடவே, நான்கு வருஷத்துக்கு முன்பு நவாஸ் கைக்கு வந்தது. மோட்டார் பம்ப் ஸ்பேர் கடை வைத்திருப்பவனுக்கு இரும்பின் அருமை தெரியும். மொத்தமே முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கம்பெனியில் அடித்த பெயிண்ட், ஜாக்கி, ஸ்பேனர் பை, வண்டியோடு கொடுத்த புத்தகம் எல்லாம் அப்படியே இருந்தன. நவாஸ் அதற்கென்று ஒரு ஷெட் போட்டான். வண்டிமேல் இரண்டு பெட்ஷீட், அதற்குமேல் ஒரு தார்ப்பாய். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணி, சஞ்சீவி மலை அடிவாரம்வரை போய்த் திரும்புவான். பிறகு துடைத்து மூடிவிடுவான். வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குத் தார்ப்பாயை விலக்கிக் காட்டுவான். தொட விடமாட்டான்.

ஹஃபீஸா ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் ஸ்டெனோ. பதினாறு வருஷமாகப் பஸ்ஸில்தான் போய் வருகிறாள்.

“பஸ்ஸுக்கு என்ன குறைச்சல்? அஞ்சு நிமிசத்துக்கு ஒண்ணு போகுது” என்றான் நவாஸ்.

“ஒரு குறைச்சலும் இல்ல. எனக்கு ஓட்டணும்னு ஆசை. அம்புட்டுதான்.”

வக்கீல்கள் வாதாடுவதைப் பதினாறு வருஷம் எழுதி எழுதி, எதிராளி அடுத்து என்ன சொல்வார் என்பது அவளுக்கு அத்துபடி. அந்த வண்டிக்கு ஸ்பேர் கிடைக்காது என்றான். ஸ்பேர் தேடுவதுதானே உங்கள் தொழில் என்றாள். வேறு ஒரு சின்ன வண்டி வாங்கித் தருகிறேன் என்றான். இருக்கிற வண்டியைத் தார்ப்பாய்க்குள் வைத்துவிட்டு இன்னொன்றா என்றாள். கடைசியில்தான் உண்மையான காரணம் வந்தது.

“மதுரையில அடுத்த மாசம் பழைய கார் எக்சிபிஷன். பேரு குடுத்திருக்கேன். ஒரிஜினல் பெயிண்டுக்குன்னு தனியா ஒரு பரிசு இருக்கு. ரோட்டுல விட்டா அது என்னத்துக்கு ஆகும், சொல்லு?”

ஹஃபீஸா லைசென்ஸ் அட்டையை எடுத்து அவன் கையில் வைத்தாள். நவாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“சரி, ஒரு வாரம் ஓட்டிப் பாரு” என்றான். “ஒரு கீறல் விழுந்துச்சோ, வண்டி ஷெட்டுக்குப் போயிரும். அதுக்கு மேல பேச்சு கிடையாது.”

“சரி” என்றாள் ஹஃபீஸா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தடவை குதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூல் மைதானத்தில் பழகினாள். டிரைவிங் ஸ்கூல் காரில் கியர் கீழே, இடது முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. இதில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு தண்டு நீட்டிக்கொண்டிருந்தது. கை சும்மா சும்மா கீழே போய்க் காற்றைப் பிடித்தது. கிளட்சை மிதிக்க ஆட்டுரலை நகர்த்துகிற பலம் வேண்டியிருந்தது. ஆனால் மூன்றாவது கியர் விழுந்து வண்டி சீராக உருண்டபோது, பானட்டுக்குள்ளிருந்து தறி ஓடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவளுக்குப் புல்லரித்துவிட்டது.

திங்களும் செவ்வாயும் நவாஸ் கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். எதிரே லாரி வரும்போதெல்லாம் இல்லாத பிரேக்கை மிதித்தான். “அந்தா, ஆடு!” என்பான். ஆடு எங்கோ வயலில் நிற்கும். புதன்கிழமை, “நீங்க கடைக்குப் போங்க மச்சான்” என்று ஹஃபீஸா சாவியை எடுத்துக்கொண்டாள்.

பஞ்சு மார்க்கெட் பக்கம் வந்ததும் வண்டி அணைந்துவிட்டது.

முன்னால் டவுன் பஸ், பின்னால் பருத்தி மூட்டை லாரி, இரண்டு பக்கமும் பைக்குகள். சாவியைத் திருகினாள். கிர்ர்ர் என்று இழுத்துவிட்டு நின்றது. மறுபடி திருகினாள். பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. பின்னால் ஆரன் காதைப் பிளந்தது. கழுத்தில் வேர்வை ஓடியது. லாரி டிரைவர் இறங்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தாள். அவரோ குனிந்து, ஜன்னல் வழியாக உள்ளே ஆசையாகப் பார்த்தார்.

“எக்கா, பத்மினியா? எம்புட்டு நாளாச்சு பாத்து! பெட்ரோல் கூடிப்போச்சு. சோக்குக் குமிழை உள்ள தள்ளுங்க. ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டு, பத்து எண்ணுங்க. பதறாதீக.”

பத்து எண்ணினாள். எட்டு எண்ணும்போதே ஆரன் சத்தம் காதில் விழவில்லை. சாவியைத் திருப்பினாள். பத்மினி ஒரு இருமல் இருமி, உறுமிக்கொண்டு எழுந்தது. லாரி டிரைவர் கையைத் தட்டிச் சிரித்தார். பஸ் ஜன்னலிலிருந்து யாரோ விசிலடித்தார்கள். ஊரைத் தாண்டிய பிறகு மேற்கே மலை நீலமாக விரிந்தது. கதவின் மூலையிலிருந்த சின்ன முக்கோண ஜன்னலைத் திருப்பி வைத்தாள். காற்று நேராக முகத்தில் அடித்தது. பதினாறு வருஷமாகக் கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி கடந்த ரோடு இதுதானா என்று தோன்றியது. கோபுரம் தெரிந்தபோது, இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டோமே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

கோர்ட்டு வளாகத்தில் வக்கீல்கள் வண்டியைச் சுற்றி நின்றார்கள். அவளோடு வேலை பார்க்கும் முனீஸ்வரி, “ஏட்டி, மகாராணி கணக்கா வந்து இறங்குதியே!” என்று தோளில் அடித்தாள். சாயங்காலம் தன்னைப் பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட வேண்டும் என்று அப்போதே சொல்லிவைத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இருவரும் கடைத்தெருவில் பால்கோவா வாங்க நிறுத்தினார்கள். காசைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது ஹஃபீஸா அதைக் கண்ணால் பார்த்தாள். இரண்டு பக்கமும் கேன் தொங்கவிட்ட பால்காரர் பைக் ஒன்று, எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கி, பத்மினியின் பின்கதவை உரசிக்கொண்டு போனது. சத்தம் சின்னதுதான். ஓட்டியவருக்கே அது கேட்கவில்லை.

ஒரு சாண் நீளத்துக்குக் கோடு. பாதாம்பால் நிறத்தில் சாம்பல் நிறமாக.

பால்கோவாப் பொட்டலத்தைக் கையில் பிடித்தபடி ஹஃபீஸா குனிந்து பார்த்தாள்.

“இதுக்கு ஏன் முழிக்க?” என்றாள் முனீஸ்வரி. “எங்க தெருவுல பெயிண்ட் அடிக்கிற ஆள் இருக்காரு. செத்த நேரத்துல ஒண்ணுமே தெரியாம ஆக்கிருவாரு. அண்ணனுக்கு நாம எதுக்குச் சொல்லணும்?”

ஹஃபீஸா யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். சொல்லாமல் மறைத்தால் இந்த வண்டி நாளைக்கும் அவளுக்குத்தான். ஆனால் மேலே பெயிண்ட் பூசினால், நவாஸ் நான்கு வருஷமாகக் காத்துவைத்தது இல்லாமலே போய்விடும். கீறலாவது அந்தப் பெயிண்ட்மேல் விழுந்த கீறல்.

“வேண்டாம். வீட்டுக்கே போறேன்” என்றாள்.

நவாஸ் பின்கதவுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தான். விரலால் கோட்டைத் தடவினான்.

“யாரு?”

“பால்காரரு. அவருக்கே தெரியாது.”

“பெயிண்டுக்கு எங்கயும் கொண்டு போனியா?”

“இல்ல.”

அவன் நிம்மதியாக மூச்சுவிட்டான். கோபப்பட்டிருந்தால் அவளுக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். அவன் எழுந்து தார்ப்பாயை எடுத்தான். “நாளைக்கு பஸ்ல போ” என்றான்.

“சரி” என்றாள். சொன்ன சொல் சொன்னதுதான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நின்றபடி போனாள். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவள் இடது கால் தானாக அழுந்தியது.

சனிக்கிழமை கோர்ட்டு லீவு. கண்காட்சிக்கு முன்னால் ஒரு தடவை காட்டிவிடலாம் என்று நவாஸ் வண்டியை மெக்கானிக் தனுஷ்கோடியிடம் கொண்டுபோனான். ஹஃபீஸாவும் கூடப் போனாள். தனுஷ்கோடி பானட்டைத் திறந்து காதைக் கொடுத்துக் கேட்டார். ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். இறங்கி நவாஸைப் பார்த்தார்.

“பாய், வண்டிய என்ன செஞ்சிய?”

நவாஸுக்கு முகம் வெளிறியது. “ஏன், என்னாச்சு?”

“பிரேக் நேரா பிடிக்குது! இம்புட்டு நாளா இடது பக்கம் இழுத்துக்கிட்டு கெடந்துச்சுல்லா? எஞ்சினும் திணறாம எடுக்குது. யாரு ஓட்டுனது?”

“நான்தான். நாலு நாள் ஓட்டினேன்” என்றாள் ஹஃபீஸா.

“நல்லா இருப்பீக, எக்கா. நானும் இவியகிட்ட நாலு வருசமா சொல்லுதேன். நிறுத்தி வச்சா ரப்பரு காயும், பிரேக் இறுகும், பெட்ரோலு பிசின் கணக்கா அடைச்சுக்கிடும். தார்ப்பாய் போட்டா வெயிலு படாது, அம்புட்டுதான். வண்டின்னா ஓடணும், பாய்.”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நவாஸ் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டே வந்தான். வண்டி ஒவ்வொரு தடவையும் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. “எக்சிபிஷன் முடியட்டும். பொறவு பாப்போம்” என்று மட்டும் சொன்னான். ஹஃபீஸா மறுபடி கேட்கவில்லை. ஆனால் கண்காட்சிவரை இருந்த இரண்டு வாரத்தில் இரண்டு தடவை, அவள் வேலைக்குக் கிளம்பும்போது தார்ப்பாய் கழற்றப்பட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

மதுரைக்கு வண்டியை லாரியில் ஏற்றிப் போவதாகத்தான் முதலில் பேச்சு. முந்தின நாள் நவாஸ் மனதை மாற்றிக்கொண்டான்.

“ஓட்டிட்டே போவோம். நீ ஓட்டு.”

“நானா?”

“நான் ஓட்டுனா ரோட்டைத்தான் பாக்க முடியும். நீ ஓட்டு. நான் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு வாரேன்.”

ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியது. அதற்கு அப்பால் அவள் ஸ்டியரிங் பிடித்துப் போகாத ரோடு. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் முள் அறுபதைத் தொட்டது. எழுபதைத் தொட்டது. ஓரக்கண்ணால் பார்த்தாள். நவாஸ் கண்ணை மூடி, தலையை ஆட்டிக்கொண்டிருந்தான், பாட்டுக் கேட்கிறவனைப் போல. பின்னால் வந்த புதுக் கார் ஒன்று முந்திப் போகாமல் பக்கத்திலேயே ஓடிவந்தது. உள்ளே இருந்த குடும்பமே கைகாட்டியது. ஹஃபீஸா ஒரு கையை எடுத்துத் திருப்பிக் காட்டினாள்.

“ரெண்டு கையும்!” என்றான் நவாஸ், கண்ணைத் திறக்காமலே.

கண்காட்சியில் ஐம்பது அறுபது வண்டிகள். முக்கால்வாசி லாரியில் வந்து இறங்கியவை. சிலவற்றைத் தள்ளித்தான் வரிசையில் நிறுத்தினார்கள். பத்மினியின் முன்கண்ணாடியில் வழியில் அடிபட்ட பூச்சிகள் ஒட்டியிருந்தன. நவாஸ் பரபரவென்று துடைத்து முடிப்பதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் டார்ச் அடித்துக் கதவு இடுக்கெல்லாம் பார்த்தார். “கம்பெனி பெயிண்ட்டேதான். அருமை” என்றவர், பின்கதவு பக்கம் வந்ததும் நின்றார்.

“இது என்ன கீறல்?”

ஹஃபீஸா முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

நவாஸ் அவளை ஒரு தடவை பார்த்தான். பிறகு நிமிர்ந்து நின்றுகொண்டான்.

“பால்கேன் உரசினது சார். எங்க வீட்டுல இவங்க தினமும் கோர்ட்டுக்கு ஓட்டிட்டுப் போற வண்டி. ராஜபாளையத்துலேருந்து இங்கயும் அவங்கதான் ஓட்டிட்டு வந்தாங்க.”

“தினமுமா?”

“தினமும்தான்.”

பெரியவர் டார்ச்சை அணைத்தார். ஹஃபீஸாவிடம் திரும்பி, நெடுஞ்சாலையில் வண்டி எப்படிப் போனது, சூடு ஏறியதா, கியர் சிக்கியதா என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். அவள் பஞ்சு மார்க்கெட் கதையையும் சேர்த்துச் சொன்னாள். நடுவர் வேலையை மறந்து அவர் கால்மணி நேரம் நின்று கேட்டார்.

பரிசு, லாரியில் வந்த ஒரு கறுப்பு வண்டிக்குப் போனது. நவாஸ் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினான்.

திரும்பும்போது கிருஷ்ணன்கோவிலில் டீ குடிக்க நிறுத்தினார்கள். காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து வண்டியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் பானட்டில் சாய்ந்துகூட நின்றாள். நவாஸ் அவளை விரட்டவில்லை. டீ கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு சட்டதிட்டங்களைச் சொல்ல ஆரம்பித்தான்.

“மழை பேஞ்சா மரத்தடியில விடாத, பெறவு இலைக்கறை போகாது. ரேடியேட்டர் தண்ணிய காலையில பாத்துக்கிடணும். அந்த முனீஸ்வரியக் கதவைப் பையச் சாத்தச் சொல்லு.”

“சரி மச்சான்.”

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புத?”

“ஒம்பது.”

“எட்டே முக்காலுக்குக் கிளம்பு. அவசரமில்லாமப் போகலாம்.”

ஹஃபீஸாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கிளாசை வைத்துவிட்டு அவனுக்கு முன்னால் ஓடிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். சாவியைத் திருப்பியதும் ஒரே திருப்பில் எஞ்சின் ஓடத் தொடங்கியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நவாஸ் ஏறிக் கதவைப் பையச் சாத்தியதும், அவள் ஆரனை இரண்டு தடவை அமுக்கிவிட்டு ரோட்டில் ஏறினாள்.