வெளிக்கிட்டு வாங்கோ

2024 பெப்ரவரி 18, ஞாயிற்றுக்கிழமை காலை, இலங்கையின் வடமராட்சி கிழக்கிலுள்ள மணற்காட்டில், மணலில் புதைந்த வாடகை வான் வண்டியைத் தள்ளும்போது, சுவிற்சர்லாந்தின் ஓல்டன் நகரில் வசித்துவந்த தம்பித்துரை விழுந்து இறந்தார். வயது அறுபத்துமூன்று.

ஓல்டனில் அவருடைய மகள் சரணியா வேலைச் சட்டையை அயன் செய்துகொண்டிருந்தபோது, பயணத்தில் கூடப் போயிருந்த குலேந்திரன் அழைத்தார். அவளுக்குச் சொல்லப்பட்டது வேறு.

"பிள்ளை, அப்பாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் வந்திட்டுது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வந்திருக்கிறம். சீரியஸ்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டு வாங்கோ."

மாரடைப்பா என்று கேட்டாள். ஓம் என்றார். தீவிர சிகிச்சையிலா என்றதற்கும் ஓம் என்றார். டொக்டரின் நம்பரைப் பிறகு எடுத்துத் தருவதாகச் சொன்னார்.

அப்பாவோடு சேர்த்து அவர்கள் நான்கு சிநேகிதர்கள். சுவிஸ் வந்த புதிதில் அகதி முகாமில் ஓர் அறையில் இருந்தவர்கள், பிறகு ஒரே களஞ்சியத்தில் பெட்டி ஏற்றியவர்கள். ஊருக்குப் போனதெல்லாம் கலியாணங்களுக்கும் செத்தவீடுகளுக்கும்தான். இந்தமுறை மனைவிமார் இல்லாமல், மன்னாரிலிருந்து கரையோரமாக மணற்காடு வரைக்கும் தாங்களே வான் ஓட்டிக்கொண்டு போனார்கள். "நாலு கிழடும் பாலைவனம் பாக்கப் போகுதுகள்" என்று அம்மா சந்திரமதி சிரித்தாள். சனிக்கிழமை அப்பா வீடியோ அனுப்பியிருந்தார். சப்பாத்தைக் கையில் பிடித்தபடி மணல்மேட்டில் நின்று, "சுவிஸில முப்பது வருசம் பனி தள்ளினன். இஞ்ச வந்தா மணல் தள்ள விடுறாங்கள்" என்றார்.

சரணியா வேலைக்கு லீவு சொன்னாள். சூரிச்சிலிருந்து அன்றிரவு புறப்படும் விமானத்தில் இரண்டு இடம் இருந்தது. யோசித்துவிட்டுக் கணினியில் அந்தப் பக்கத்தை மூடினாள். தாங்கள் இருவரும் ஆசுப்பத்திரி வாங்கில் போய்க் குந்திக்கொண்டிருந்து ஆவதொன்றுமில்லை. அப்பாவுக்குப் பயணக் காப்புறுதி இருந்தது. அவரைக் கொழும்புக்கும் பிறகு சூரிச்சுக்கும் கொண்டுவரக் காப்புறுதிக்காரரால் முடியும். அதற்கு இங்கே இருந்து ஜெர்மனில் கதைக்க ஓர் ஆள் வேண்டும். அப்படியே குலேந்திரனுக்குச் சொன்னாள்.

"நாங்கள் வரேல்லை மாமா. எல்லாம் இஞ்ச இருந்து ஒழுங்கு செய்யிறன்."

 "சரி பிள்ளை, நாங்கள் பாக்கிறம்" என்றார். செத்தவீட்டுக்கு வர முடியாத குடும்பங்கள் பல அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்கவில்லை.

அம்மா அறைக்குள் பெட்டியைத் திறந்து இரண்டு பருத்திச் சேலைகளை வைத்திருந்தாள். "போவம் பிள்ளை" என்றாள். சரணியா விளக்கமாகச் சொன்னாள்: அவர் வந்துவிடுவார், அவர் இங்கே வரும்போது நாங்கள் அங்கே நிற்கக்கூடாது. அம்மா கட்டிலில் இருந்து கேட்டாள்.  அன்று அவள் அடுப்பு மூட்டவில்லை. சரணியா பாண் துண்டைக் கடித்துக்கொண்டு காப்புறுதிக்காரருக்குத் திரும்பத் திரும்ப எடுத்தாள். சிகிச்சை செய்யும் டொக்டரோடு பேசாமல் விமானம் அனுப்ப முடியாது என்றார்கள். அந்த நம்பர் வரவில்லை.

திங்கள் காலை காப்புறுதியின் மருத்துவர் ஆசுப்பத்திரியோடு பேசிவிட்டுத் தானே அழைத்தார். முதல் வசனத்திலேயே சொன்னார்: உங்கள் தந்தை இறந்துவிட்டார். ஆசுப்பத்திரிக்குக் கொண்டு வரும்போதே உயிர் இல்லை. சரணியா வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அதுதான் விதி. சுற்றி வளைக்காமல் அந்தச் சொல்லைச் சொல்லவேண்டும். அவளே அங்கே இறந்தவர்களின் பிள்ளைகள் பலருக்கு அப்படித் தொலைபேசியில் சொல்லியிருக்கிறாள்.

குலேந்திரனை எடுத்தபோது பின்னால் பறை கேட்டது. அப்பாவின் தமக்கை வீட்டில் கிரியை தொடங்கிவிட்டிருந்தது.

"நிப்பாட்டுங்கோ மாமா. நாங்கள் வாறம்."

"நீங்கள் வரேல்லை எண்டபடியாத்தானே பிள்ளை..."

"செத்திட்டார் எண்டு நீங்கள் சொல்லேல்லையே."

"போனில அதை எப்பிடிச் சொல்லுறது? எல்லாரும் உப்பிடித்தானே சொல்லுறது."

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கினாள். "அண்ணை, தொடங்கினதை நிப்பாட்டாதேங்கோ. அவரை எடுங்கோ" என்றாள்.

சரணியா அவளைப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமோ?"

"என்னையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவுடன தெரியும்."

"ஏனம்மா சொல்லேல்லை?"

அம்மா சேலைத் தலைப்பை மடித்து விரித்தாள். "நீ பிளேன் கதைச்சாய், டொக்டர் கதைச்சாய். கேக்கக் கேக்க எனக்கும் ஆள் இருக்கிறார் போல வந்திட்டுது."

குலேந்திரன் வீடியோவில் திரும்ப அழைத்தார். வாய்க்கரிசி நேரம். வெயிலில் திரை வெளுத்து, முகம் வருவதும் போவதுமாக இருந்தது. ஆட்கள் குறுக்கே நின்றார்கள். தமக்கையின் கை சந்திரமதியின் பேரால் ஒருமுறை, சரணியாவின் பேரால் ஒருமுறை அரிசி போட்டது. பெட்டியை மூடித் தூக்கினார்கள். பெண்கள் வாசற் படலைவரைக்கும் போனார்கள். குலேந்திரன் போனைச் சட்டைப் பையில் வைத்தார். அதன்பிறகு துணியும் சத்தமும்தான்.

அம்மா தலைமுழுகப் போனாள். சரணியா வாசலில் நின்று துவாயைக் கொடுத்தாள்.

அடுத்து விமானத்தில் இடம் கிடைத்தது புதன்கிழமைதான். அவர்கள் போய்ச் சேர முன்னரே காடாத்து முடிந்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டிருந்தார்கள்.