வேகாத கடல்

விருத்தாசலத்தில் கோதண்டபாணியின் பீங்கான் பட்டறையில் தட்டுகளில் தரங்கம்பாடிக் கோட்டையை வரைகிறவள் சிவசங்கரி. தரங்கம்பாடிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் ஆசையாய் வாங்கிப் போகிற தட்டுகள் அவை. ஆறு வருஷமாக வரைகிறாள். கோட்டையையும் கண்டதில்லை, கடலையும் கண்டதில்லை. எல்லாம் ஒரு பழைய காலண்டர் படத்தின் புண்ணியம்.

இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்ததும் முதலாளி தரங்கம்பாடிக்கு வேன் வைத்தார். பட்டறையே கிளம்பியது. ஆனால் தீபாவளி ஆர்டர் சூளையில் வெந்துகொண்டிருந்தது. சூடு பார்த்து ஆறவைக்க வேலை தெரிந்த ஆள் ஒருத்தர் இருந்தே ஆகவேண்டும். தெரிந்தவர்கள் சிவசங்கரியும் திரௌபதியும்தான். சிவசங்கரிக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய்விட்டுக் கேட்கக் கூச்சம்.

"நீ போடி. எனக்கு வேன்ல ஏறுனாலே கொமட்டும். கடல நான் பாக்காததா? பத்து வாட்டி பாத்தாச்சு" என்றாள் திரௌபதி.

தரங்கம்பாடியில் இறங்கியபோது மணி ஆறுகூட ஆகவில்லை. ஒரே மேகமூட்டம். கோட்டை அச்சு அசலாகத் தட்டில் இருந்தபடியே நின்றது. அலையை ஒட்டியிருந்த மாசிலாமணிநாதர் கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டாள். கடல்தான் ஏமாற்றிவிட்டது. சாம்பலைக் கரைத்து ஊற்றிய மாதிரிக் கிடந்தது. இதற்கா ஆறு வருஷம் நீலம் பூசினோம் என்று அவளுக்குக் கோபமே வந்தது. மற்றவர்கள் இட்லி தின்னப் போக, இவள் கல்லில் உட்கார்ந்து கடலை முறைத்தாள்.

முதலாளி டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"திரௌபதியக்கா இத பத்து வாட்டி பாத்துருக்குதாம். அப்படி என்னாங்க இருக்குது இதுல?"

"யாரு, திரௌபதியா?" அவர் சிரித்துவிட்டார். "கருவேப்பிலங்குறிச்சிலேருந்து வாக்கப்பட்டு வந்தப்புறம் சூளைய வுட்டு நவுந்ததே இல்லம்மா. கடலு எந்தப் பக்கம்னுகூட அதுக்குத் தெரியாது. தட்டுல வரையற பொண்ணு ஒருவாட்டி நேர்ல பாக்கட்டும், வேன் வைங்கன்னு எங்கிட்ட கேட்டதே அதுதான்."

கையில் டீ ஆறிப்போனது. மேகம் விலகி வெயில் ஏற ஏறக் கடல் மெல்ல நீலமாகிக்கொண்டு வந்தது. தட்டில் பூசும்போது அவளுடைய சாயமும் சாம்பலாகத்தான் இருக்கும். வெந்து வந்தால்தான் நீலம். அவள் வேகாத கடலைப் பார்த்துக் கோபப்பட்டிருக்கிறாள்.

"நீ நல்லா இருக்கணும்க்கா" என்று வாய்விட்டே சொன்னாள். கண் நிறைந்துவிட்டது.

தை மாதம் திரௌபதியின் மகளிர் குழு அதே ஊருக்கு பஸ் பிடித்தது. அன்றைக்கும் சூளை எரிந்தது.

"நீ போக்கா. எனக்கு பஸ்ஸுல ஏறுனாலே கொமட்டுது" என்றாள் சிவசங்கரி.

திரௌபதி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் போன். "ஏண்டி சங்கரி, இன்னாடி இது, சாம்பலா கெடக்குது?" அழுதுவிடுவாள் போலிருந்தது.

சிவசங்கரி சூளையின் மீட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இன்னும் வேகலக்கா. ஒரு டீ வாங்கிக் குடிச்சிட்டு அங்கயே குந்து. அவசரப்பட்டு எழுந்துராத."

எட்டரைக்கு மறுபடியும் போன் வந்தது. திரௌபதிதான். அலைச் சத்தம் மட்டும் கேட்டது. சிவசங்கரியும் போனை வைக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.