நீண்டுபோன வான்வழி

லிஃப்ட் மெக்கானிக் தன் அம்மாவிடம் போனில் ஒரு பொய் சொன்ன அன்று, அவன் இருந்த நகரத்துக்கும் அம்மா இருந்த நகரத்துக்கும் நடுவே நானூறு மைல் கூடிவிட்டது. அதுவரை ஒன்பது மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துகொண்டிருந்த விமானம் மறுநாள் பத்து மணி நேரம் எடுத்துக்கொண்டது. எதிர்க்காற்று என்றார் விமானி. பயணிகளும் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார்கள்.

அது மலையைப் புரட்டுகிற பொய் ஒன்றும் இல்லை. "கிளம்பிட்டியாடா?" என்று அம்மா கேட்டாள். "இதோ கிளம்பிட்டேம்மா, வண்டி ஏறப்போறேன்" என்றான். அப்போது அவன் பதினாறாவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல், கிரீஸ் கையோடு குந்தியிருந்தான். லீவே கேட்டிருக்கவில்லை. அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தன. கண்ணை மூடுவதற்குள் மகன் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. மேலாளரோ "இந்த மாசம் மட்டும் பல்லைக் கடிச்சுக்கப்பா" என்பார். மாதாமாதம் கடித்ததில் பல் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒவ்வொரு "கிளம்பிட்டேன்"னுக்கும் தூரம் நீண்டது. பயணம் ஒரு நாளானது, பிறகு ஒரு வாரமானது. இழுத்த இழுப்பில் கடல் நடுவில் மெலிந்து, மீன்கள் முதுகு வெளியே தெரிய நீந்தின. பள்ளிக்கூட உலக உருண்டைகளில் அந்த இடம் மட்டும் கட்டி போலப் புடைத்ததால், அலமாரிக் கதவைச் சாத்த முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவள் அவன் தங்கைதான்.

"அண்ணே, நீ கிளம்பிட்டேன்னு சொன்னாலே பிளைட் லேட்டாகுது. வரலைன்னா வரலைன்னு சொல்லித் தொலையேன்!"

"எப்படிம்மா சொல்றது? அவங்க மனசு உடைஞ்சிடாதா?"

மனசு உடையக் கூடாதென்று இன்னும் இரண்டு வருடம் கிளம்பிக்கொண்டே இருந்தான்.

ஒருநாள் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டாள். "மெதுவா வாடா, அவசரமில்லை" என்றாள். அதைக் கேட்டதும் அவன் ஸ்பானரை அப்படியே போட்டுவிட்டு விமான நிலையத்துக்கு ஓடினான். கவுன்டரில் இருந்த பெண் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "பயண நேரம் பதினோரு வருஷம் சார். சாப்பாடு உண்டு, போர்வைக்குத் தனி சார்ஜ். ஜன்னலோரமா?" என்றாள். ஜன்னலோரமே வாங்கிக்கொண்டான்.

பறக்கத் தொடங்கிய இரண்டாம் வருடம் தங்கையின் அழைப்பு வந்தது.

"அம்மா போயிட்டாங்கண்ணே. கடைசி வரைக்கும் கதவையே பாத்துகிட்டு இருந்தாங்க."

"நான் நெசமாவே வந்துகிட்டிருக்கேம்மா. பிளைட்லதான் இருக்கேன். இந்தா, சத்தம் கேக்குது பாரு."

"சரிண்ணே" என்றாள், தவறான எண்ணில் வந்த ஆளிடம் சொல்வதுபோல. பிறகு அவள் கூப்பிடவே இல்லை.

நடுவானில் இறங்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. முன்வரிசைப் புதுமணத் தம்பதிக்குப் பிறந்த பிள்ளை நடைபாதையில் தவழ்ந்தது. பணிப்பெண்ணுக்குத் தலை நரைத்தது. கிறீச்சிட்ட சாப்பாட்டு வண்டியின் சக்கரத்தை அவன் கழற்றிச் சரிசெய்து கொடுத்தான். நல்ல கை என்று எல்லோரும் பாராட்டினார்கள். ஆறாம் வருடம், பாதி வழி தாண்டிவிட்டதாக விமானி அறிவித்தார். கீழே கடல் அப்படியே கிடந்தது. பயணிகள் எதிரிலிருந்த பலகையை இறக்கிவைத்துச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அவனும் இறக்கிவைத்தான். பசித்தது.