ஏரி தெரியும் அறை

ஹோட்டல் வரவேற்பு மேஜைக்கு முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் முக்கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் சோபா காலியாகத்தான் கிடந்தது. அதில் உட்கார அவளுக்கு மனம் வரவில்லை. பதினொரு வருஷமாக அதைத் துடைத்துத்தான் பழக்கம்.

இந்த வருஷத்தின் சிறந்த ஊழியர் அவள்தான். பரிசு, கணவனோடு அங்கேயே ஒரு நாள் தங்குவது. மேல்மாடியில் ஏரியைப் பார்த்த அறையைத்தான் கொடுப்பார்கள் என்று அவளாகவே முடிவுகட்டி, ஒரு மாதமாக வீட்டில் அந்த ஜன்னலைப் பற்றியே அளந்துகொண்டிருந்தாள். பெயின்டரான அவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, நகக்கண்ணில் ஒட்டிய பெயின்டை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்திருந்தார்.

சாவியில் நூற்றொன்பது என்றிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. சலவைக்கூடத்துக்கு அடுத்த அறை. சுவரில் தண்ணீர் கசிகிறது என்று அவளே மூன்று தடவை நோட்டில் எழுதியிருக்கிறாள்.

"ஏம்மா, மேல ஒண்ணும் இல்லையா?"

"மேல ரூமெல்லாம் கெஸ்ட்டுக்கு வேணும்லக்கா," என்றாள் வரவேற்பில் இருந்த பெண், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் மதில். சலவை இயந்திரம் ஓடும்போதெல்லாம் கட்டில் அதிர்ந்தது. அவர் கட்டைவிரலால் சுவரை அழுத்திப் பார்த்தார். பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது.

"லீவு போட்டு வந்தாலும் எனக்கு வேலை வச்சிருக்காங்க பாரு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மனுஷன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவமானத்தில் காது சுட்டது.

"நான் பொய் சொல்லலைங்க. மேல நெசமாவே ஏரி தெரியும்."

"அதான் நீ பாத்திருக்கேல்ல. விடு."

காலையில் கதவைத் தட்டியது சூப்பர்வைசர். கையில் அன்றைய பட்டியல்.

"என்னம்மா, நல்லாத் தூங்கினியா? ஒன்பது மணிக்கு உனக்கு டியூட்டி. லிஸ்ட்ல இந்த ரூம்தான் முதல். அப்படியே சுத்தம் பண்ணிட்டு மேல வந்துடு."

குளியலறையில் சேலையை மாற்றிச் சீருடை போட்டுக்கொண்டு, போய்த் தள்ளுவண்டியை எடுத்து வந்தாள். அவர் இன்னும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டிருந்தார். அவள் குனிந்து விரிப்பின் முனையைப் பிடித்தாள்.

"சாரி சார், ரெண்டு நிமிஷம்," என்றது வாய்.

அவர் சட்டென்று எழுந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈரச் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்.