கல்வத்தின் ஈரம்

பால் பொங்கியது. சாய்நாத் அடுப்பை அணைத்தான். மாத்திரையைச் சின்னக் கல்வத்தில் போட்டுப் பொடித்துக் காகிதத்தில் கொட்டினான். கல்வத்தைக் கழுவி, துண்டால் இருமுறை துடைத்து, வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தான். அப்புறம்தான் நினைவு வந்தது: இன்று பரிசோதனை முடியும்வரை மகள் நிலாவுக்கு மாத்திரையும் கிடையாது, பாலும் கிடையாது. பொடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

நிலாவுக்கு ஏழு வயது. நுரையீரல் ரத்தக் குழாய்களில் அழுத்தம் அதிகம். மந்தைவெளி வீட்டு மாடிப்படி ஏறினாலே உதடு நீலம் பாரித்துவிடும். அவள் அம்மா ஸ்ரீரஞ்சனிக்கும் அதே நோய்தான். "மொதல்ல இவளோடது ஆகட்டும்" என்று தன் பரிசோதனையைத் தள்ளிக்கொண்டே வந்தாள். தை மாதம் ஒரு காலை ஆபீசுக்குக் கிளம்பியவள், ரயில் நிலையப் படிக்கட்டில் விழுந்தாள். எழவில்லை.

அடையாறில் ஆஸ்பத்திரி. மஹ்விஷ் என்ற டெக்னீஷியன் நிலாவின் முன்கையில் பட்டையைச் சுற்றினாள். ஐந்து நிமிடம் இறுக்கிவிட்டுத் தளர்த்துவார்கள். மறுபடி ரத்தம் பாயும்போது, ரத்தக் குழாயின் உட்சுவர் நன்றாக இருந்தால் குழாய் விரிவது ஸ்கேன் திரையில் தெரியும். மருந்தை மாற்றுவதா என்று டாக்டர் அதையும் பார்த்துத்தான் சொல்வார். போன தடவை நிலா அழுது ஆடியதில் படம் கெட்டுப்போயிருந்தது.

"ஆடினா அடுத்த வாரமும் என் மூஞ்சியைத்தான் பாக்கணும்," என்றாள் மஹ்விஷ்.

"ஐயோ, ஆடலை."

பட்டை இறுகியது. நிலாவின் விரல்கள் வெளுத்தன. கண் நிறைந்தது.

"அப்பா, ஏதாவது பேசேன்."

அவன் அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினான்.

"அம்மா கடைசியா என்ன சொன்னா?"

"நிலாவைப் பாத்துக்கோன்னா."

"அது அத்தை எல்லார்கிட்டயும் சொல்றது. அம்மா அப்படியெல்லாம் பேசவே மாட்டா. நீயும் பொய் சொல்றே." தோள் குலுங்கத் தொடங்கியது. திரையில் படம் நடுங்கியது.

மஹ்விஷ் அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து, நிலாவின் காதில் உண்மையைச் சொன்னான்.

அழுகை நின்றது. உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பட்டை தளரும்வரை அசையாமல் கிடந்தாள்.

"படம் சுத்தமா வந்திருக்கு சார்," என்றாள் மஹ்விஷ். திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "கொஞ்சம்தான் விரியுது."

நிலா மரத்த கையை உதறினாள். "அப்பா, அம்மா மாதிரியே சொல்லு."

அன்று காலை கதவருகே செருப்பை மாட்டிக்கொண்டே ஸ்ரீரஞ்சனி சொன்ன மாதிரி, அதே எரிச்சலோடு சொன்னான்:

"கல்வத்தை ஈரத்தோட வைக்காதேன்னு எத்தனை தரம் சொல்றது! மருந்தெல்லாம் ஒட்டிண்டு வீணாப் போறது."