நாயர் கடை ஹம்சக்கோயா

பெசன்ட் நகரில் குப்பத்துக்குத் திரும்புகிற முனையில் இருபத்தெட்டு வருஷமாக டீ ஆற்றும் ஹம்சக்கோயாவை எல்லோரும் நாயர் என்றுதான் கூப்பிடுவார்கள். கோழிக்கோட்டு முஸ்லிம் எப்படி நாயராவார் என்று யாருக்குக் கவலை? மலையாளி டீக்கடை போட்டால் நாயர். சென்னையில் அதற்கு அப்பீல் கிடையாது. ஒரு கடை மூன்றாகி, பேக்கரி வந்த பிறகும் நாயர்தான். வீட்டில் மனைவிக்கோ அவர் 'இக்கா'. ஆக, அவருடைய பெயர் ஆதார் அட்டையில் மட்டும் குடியிருந்தது.

மாநகராட்சித் தேர்தலில் வந்தது வம்பு. கூட்டணியில் அந்த வார்டைச் சிறுபான்மையினருக்கு விட்டுக்கொடுத்தார்கள். சின்னக் கட்சியொன்று ஹம்சக்கோயாவை நிறுத்தியது. வட்டச் செயலாளர் வைரவன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நாயர் என்று யார் கூப்பிட்டாலும் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் சிறுபான்மைப் பிரதிநிதி என்று எப்படி ஓட்டுக் கேட்பது? மனுஷன் வீடு வீடாக ஏறி, நான் நாயர் இல்லை, ஹம்சக்கோயா என்று கும்பிட்டார். டெபாசிட்டை இழக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சீட்டு கிடைத்ததும் ஆள் பேரையே மாற்றிக்கொண்டார் என்று குப்பம் முழுக்கப் பேச்சு. கடைக்கு வந்தவர்களும் முகம் பார்க்காமல் குடித்துவிட்டுப் போனார்கள். தோற்பதைவிட அதுதான் அவருக்கு வலித்தது.

மீன்காரி லூர்துமேரி ஒருநாள் கூடையை இறக்கிவைத்து நேராகவே கேட்டாள்.

"இத்தினி வருசமா கூப்ட்டுக்கினு கீறோம். நாயர் இல்லன்னு ஒருநாளாவது சொன்னியா? இப்ப இன்னா புதுசா?"

ஹம்சக்கோயா கிளாஸைக் கழுவியபடியே சொன்னார்.

"வந்த புதுசுல இந்த ஊர்ல என்னைக் கூப்பிட ஒருத்தருமில்ல, லூர்து. நீதான் மொதல்ல நாயரே, ஒரு டீ குடுன்னு கேட்ட. கூப்பிட ஆள் கெடைச்சிடுச்சேன்னு அவ்வளவு சந்தோஷம். திருத்த மனசு வரல."

லூர்துமேரி டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மறுநாளிலிருந்து அவள் மீன் விற்ற தெருவிலெல்லாம் வஞ்சிரத்தோடு ஒரு சேதியும் சேர்ந்து போனது: நம்ம நாயர் பேருதான் ஹம்சக்கோயா, மெஷின்ல மூணாவது. வைரவன் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணி முடித்தபோது நூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்திருந்தார் நாயர்.

பதவியேற்பு அன்று மன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளை வேட்டியில் உட்கார்ந்திருந்தவர், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று சும்மா இருந்தார். இன்னொரு தரம் கூப்பிட்டார்கள். பார்வையாளர் வரிசையிலிருந்து லூர்துமேரியின் குரல் வந்தது.

"நாயரே, உன்னத்தான்."

"தோ வந்துட்டேன்" என்று கடைப் பழக்கத்தில் குரல் கொடுத்துக்கொண்டே எழுந்தார். சபையே சிரித்தது. கண் நிறைந்து எழுத்து மறைந்துபோனதால், உறுதிமொழியை அவர் இரண்டு முறை நிறுத்தித்தான் படித்து முடித்தார்.